'மால்குடி டேஸ்' புத்தகத்தை அம்மாவுக்குப் பரிசாக வாங்கி, மால்குடிக்கே அழைத்துப் போக வேண்டும்: எந்தப் புத்தகம், எந்த ஊர்?

கேள்வியில் நீங்கள் எழுதியிருப்பது இவ்வளவுதான்: அம்மாவுக்கு மால்குடி டேஸ் மிகவும் பிடிக்கும், புத்தகமும் வாங்கித் தந்து ஊரையும் காட்ட ஆசை. அம்மா சொல்வது ஆர். கே. நாராயண் எழுதிய ஆங்கிலப் புத்தகமா, அதே பெயரில் வந்த தூர்தர்ஷன் தொடரா என்று நீங்கள் குறிப்பிடவில்லை. அநேகமாகத் தொடராகத்தான் இருக்கும். எண்பதுகளின் பிற்பாதியில் டிவி பார்த்த வீடுகளில் 'மால்குடி' என்றவுடன் நினைவில் வருவது ஸ்வாமி என்ற பையனும் அந்த 'தானன தானன' இசையும்தான். அப்படியானால் கடைக்குப் போய் 'மால்குடி டேஸ்' என்று கேட்டு வாங்காதீர்கள். அம்மா தேடும் பையன் அந்தப் புத்தகத்தில் ஒரே ஒரு கதையில்தான் வருகிறான்.

முதலில் புத்தகத்தைப் பார்த்துவிடுவோம். பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான்.

'மால்குடி டேஸ்' என்ற பெயரில் ஆர். கே. நாராயணுக்கே இரண்டு தொகுப்புகள் உண்டு. ஒன்று, 1943-ல் அவருடைய சொந்தப் பதிப்பகமான இந்தியன் தாட் வெளியிட்டது. இன்னொன்று, 1982-ல் வெளிநாட்டு வாசகர்களையும் மனத்தில் வைத்துப் புதிதாகத் தொகுக்கப்பட்டது. பெயர் ஒன்று, புத்தகம் வேறு. இன்று கடையிலும் இணையத்திலும் கிடைப்பது இரண்டாவதுதான். அதில் 32 கதைகள். 1947-ல் வந்த 'ஆன் அஸ்ட்ராலஜர்ஸ் டே' தொகுப்பிலிருந்து 16, 1956-ல் வந்த 'லாலி ரோடு' தொகுப்பிலிருந்து 8, அதுவரை தொகுப்பில் சேராத புதிய கதைகள் 8. பொருளடக்கமும் இப்படி மூன்று பகுதியாகத்தான் பிரிந்திருக்கும்.

ஆகவே பழைய புத்தகக் கடையில் 'மால்குடி டேஸ், முதல் பதிப்பு' என்று யாராவது விலையை ஏற்றிச் சொன்னால் பொருளடக்கத்தைத் திறந்து பாருங்கள். 'நாகா', 'செல்வி', 'எம்டன்' என்ற பெயர்கள் கண்ணில் பட்டால் அது 1982 தொகுப்பு. பெயர்ப் பக்கத்தின் பின்பக்கத்தில் உள்ள பதிப்பு விவரத்தையும் சரிபாருங்கள். அட்டையை நம்ப வேண்டாம். ஜும்பா லாஹிரியின் முன்னுரையோடு வந்த 2006 பெங்குவின் பதிப்பிலும் அதே 32 கதைகள்தான். முன்னுரைக்காக அதிக விலை கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் விருப்பம்.

இனி ஸ்வாமி. 32-ல் அவன் வருவது 'ஃபாதர்ஸ் ஹெல்ப்' கதையில். தலைவலி என்று பள்ளிக்கு மட்டம் போடப் பார்ப்பான். அப்பா தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம் எழுதிக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார். தொடரில் பலருக்கும் நினைவிருக்கும் இன்னொரு ஸ்வாமி கதை, அப்பாவின் அலுவலக அறையில் தனியே படுத்துத் திருடனின் காலைக் கடிப்பது. அது 'எ ஹீரோ'. 'மால்குடி டேஸ்' புத்தகத்தில் அது கிடையாது. 1985-ல் வந்த 'அண்டர் தி பனியன் ட்ரீ' தொகுப்பில் இருக்கிறது. எம்சிசி என்ற கிரிக்கெட் குழு, ராஜம், மணி, ஊரை விட்டு ஓடி மெம்பிக் காட்டுச் சாலையில் வழிதவறுவது எல்லாம் 1935-ல் வந்த 'ஸ்வாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்' நாவலைச் சேர்ந்தவை. 'மால்குடி ஸ்கூல்டேஸ்' என்று ஒரு பஃபின் பதிப்பு விற்பதைப் பார்த்திருப்பீர்கள். அது இந்த நாவலைச் சற்றே சுருக்கி, மேலே சொன்ன இரண்டு ஸ்வாமி கதைகளையும் கடைசியில் சேர்த்தது. சிறுவர் பதிப்பு என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஸ்வாமியைத் தேடும் அம்மாவுக்கு ஒரே புத்தகம் வாங்குவதானால் அதைத்தான் வாங்குவேன். இரண்டு வாங்க முடியுமானால் சுருக்காத 'ஸ்வாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்', கூடவே 32 கதைத் தொகுப்பு. 'சுருக்கிய பதிப்பையா பரிந்துரைக்கிறாய்?' என்று பின்னூட்டத்தில் சண்டைக்கு வருபவர்கள், பரிசு யாருக்கு என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கவும்.

அம்மா ஆங்கிலம் படிப்பவரா என்பதையும் நீங்கள் சொல்லவில்லை. நாராயணின் ஆங்கிலம் எளிமையானது, கதைகளும் சிறியவை. பல கதைகள் ஐந்தாறு பக்கத்தில் முடிந்துவிடும். தமிழ் மொழிபெயர்ப்பு வாங்குவதானால் ஒரே ஒரு எச்சரிக்கை: அட்டையில் 'மால்குடி' என்று இருந்தால் போதாது. எந்த மூல நூல், எத்தனை கதைகள், முழுமையா தேர்ந்தெடுத்ததா என்பதை உள்ளே பார்த்துவிட்டு வாங்குங்கள். இணையத்தில் வாங்கினால் பொருளடக்கப் பக்கத்தின் படத்தை விற்பவரிடம் கேளுங்கள். அனுப்பத் தயங்குபவரிடம் வாங்காதீர்கள்.

'நூலகத்தில் எடுத்துப் பார்த்துவிட்டு வாங்குகிறேன்' என்றால் அது நல்ல யோசனைதான், நடக்குமா என்பதுதான் சந்தேகம். கேள்விக்குத் தொடர்பில்லாத வயிற்றெரிச்சல் இது, பொறுத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் நூலகங்களில் புத்தகத்தை பைண்டிங்குக்கு அனுப்பினால் முதலில் போவது மேலட்டை, அடுத்துப் போவது பெயர்ப் பக்கம். கட்டிங் மிஷினில் மூன்று பக்கமும் ஓரம் வெட்டி, பழுப்புக் காலிகோ துணியில் முதுகு ஒட்டி, 'மால்குடி' என்று மட்டும் மையில் எழுதித் திருப்பித் தருகிறார்கள். மிஞ்சிய பதிப்பு விவரத்தின் மேலேயே ரப்பர் ஸ்டாம்ப். அதன்பிறகு அது 1943-ஆ, 1982-ஆ, வேறு நாவலா என்று கண்டுபிடிக்க உள்ளே கதை கதையாகப் படித்துத்தான் ஆகவேண்டும். பைண்டருக்குப் புத்தகத்தோடு 'முன்பக்கங்களை எடுக்காதே, ஸ்டாம்ப் வெற்றிடத்தில்' என்று ஒரு துண்டுச்சீட்டு வைத்து அனுப்பச் செலவு எதுவும் ஆகாது. இதைச் சொன்னால் 'அதெல்லாம் யார் சார் பார்க்கிறது' என்பார்கள். பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள்.

சரி, தொடருக்கு வருவோம். சங்கர் நாக் இயக்கியது. தயாரிப்பு டி. எஸ். நரசிம்மன். முதல் 13 பகுதிகளை ஆங்கிலம், இந்தி இரண்டிலும் எடுத்தார்கள். அதன்பின் இந்தி மட்டும். சங்கர் நாக் இயக்கியவை 39. அவர் 1990-ல் விபத்தில் இறந்த பிறகு, பல ஆண்டு கழித்துக் கவிதா லங்கேஷ் இயக்கத்தில் மேலும் 15 வந்தன, ஒளிபரப்பானது 2006-ல். எனவே இணையத்தில் '54 பகுதிகள்' என்று கிடைப்பதில் இரண்டு காலத்துப் படப்பிடிப்பும் கலந்திருக்கும். கடைசிப் பகுதிகளைப் பார்த்து 'அந்த மால்குடி மாதிரி இல்லையே' என்று அம்மா சொன்னால் காரணம் இதுதான். ஸ்வாமியாக நடித்த மாஸ்டர் மஞ்சுநாத், அப்பாவாக வரும் கிரீஷ் கர்னாட் எல்லாம் முதல் கட்டத்தில்தான். ஆங்கிலப் பதிப்பு வேண்டுமென்றால் பகுதியின் தலைப்பை வைத்துத் தேடுங்கள்; 13-க்கு மேல் ஆங்கிலத்தில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

இசை எல். வைத்தியநாதன், வயலின் மேதைகள் எல். சுப்பிரமணியம், எல். சங்கர் ஆகியோரின் அண்ணன். டைட்டிலில் வரும் கோட்டோவியங்கள் ஆர். கே. லக்ஷ்மண் வரைந்தவை, நாராயணின் தம்பி.

இன்னொரு குழப்பம்: தொடரின் பெயர் 'மால்குடி டேஸ்' என்றாலும் கதைகள் அந்தப் புத்தகத்திலிருந்து மட்டும் எடுத்தவை அல்ல. 'ஸ்வாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்', 'தி வெண்டர் ஆஃப் ஸ்வீட்ஸ்' ஆகிய இரண்டு நாவல்களும் அதில் இருக்கின்றன. மிட்டாய்க் கடை ஜகனாக அனந்த் நாக் வருவது அம்மாவுக்குப் பிடித்திருந்தால் அதற்கு வாங்க வேண்டியது 1967-ல் வந்த அந்த நாவல்.

இப்போது ஊர். மால்குடி என்று ஓர் ஊர் கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்பது உங்கள் பாடு. 1930-ல் ஒரு விஜயதசமி நாளில் பெங்களூரில் எழுத உட்கார்ந்தபோது, ரயில் நிலையத்தோடு சேர்ந்து அந்த ஊர் மனத்தில் தோன்றியதாக நாராயண் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். பெங்களூரின் மல்லேஸ்வரம், பசவனகுடி என்ற இரண்டு பேட்டைகளின் பெயரையும் ஒட்டி வைத்த பெயர் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது அவர் சொன்னது இல்லை. 1982 தொகுப்பின் முன்னுரையிலோ நியூயார்க்கின் மேற்கு 23-ம் தெருவிலும் மால்குடி மனிதர்களைப் பார்க்க முடிகிறது என்கிறார். 'இதுதான் மால்குடி' என்று எவர் சொன்னாலும் நாராயணைச் சாட்சிக்கு அழைக்க முடியாது.

ஆனால் எழுத்துக்குள் இருக்கும் மால்குடி எந்தப் பக்கத்து ஊர் என்று கேட்டால் பதில் உண்டு. கர்நாடக நண்பர்கள் கோபிக்க வேண்டாம், நாவல்களில் இருப்பதைத்தான் சொல்கிறேன். 'ஸ்வாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்' முடிவில் ராஜத்தின் அப்பாவுக்குத் திருச்சிக்கு மாற்றல். 'தி பேச்சலர் ஆஃப் ஆர்ட்ஸ்' சந்திரன் வீட்டை விட்டுப் போவது சென்னைக்கு. ஸ்வாமி நாவலிலேயே 1930 ஆகஸ்ட் 15 அன்று மால்குடியின் கற்பனை நதியான சரயுவின் கரையில் இரண்டாயிரம் பேர் கூடி, பம்பாய்த் தலைவர் ஒருவரின் கைதைக் கண்டிக்கிறார்கள்; அங்கே மகாராஜா யாரும் தென்படுவதில்லை. மைசூர் சமஸ்தானத்து ஊராக இருந்தால் இப்படி வராது. எல்லம்மன் தெரு, விநாயக முதலி தெரு, நல்லப்பன் தோப்பு என்ற பெயர்களையும், காந்தி வந்து பேசுமளவு மணல் விரிந்த ஆற்றையும் சேர்த்துப் பாருங்கள். சென்னை மாகாணத்துச் சமவெளி ஊர்தான். 1978-ல் ஜேம்ஸ் ஃபென்னெலி என்ற ஆய்வாளர் நாவல்களை வைத்து மால்குடிக்கு வரைபடமே போட்டார். ஆனால் நாராயண் தெருக்களை நாவலுக்கு நாவல் தன் வசதிக்கு நகர்த்துகிறவர். அந்த வரைபடத்தை வைத்து வழி தேடினால் சுற்றிக்கொண்டேதான் இருக்க வேண்டும்.

தொடரில் வருவதோ ஓட்டு வீடும் மழையும் பச்சையுமாக மலைநாடு. அது படப்பிடிப்புக்குத் தேர்ந்தெடுத்த இடம். சிவமொக்கா மாவட்டத்து ஆகும்பே. அம்மாவின் நினைவில் இருப்பது அந்த ஊர்தான், எனவே பயணம் அங்கேதான் போக வேண்டும். லால்குடிக்குப் போய்ப் பெயர்ப்பலகையில் முதல் எழுத்தை மாற்றிப் படம் எடுப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்கு வழக்கில்லை.

பார்க்க வேண்டியவை மூன்று. மைசூரில் நாராயண் வீடு, அரசாளு ரயில் நிலையம், ஆகும்பே. இந்த வரிசையிலேயே போவது நல்லது, அதற்குக் காரணம் ரயில். சென்னையிலிருந்து மைசூருக்கு ரயில். அங்கே யாதவகிரியில் இருக்கும் வீடு ரயில் நிலையத்திலிருந்து ஆட்டோவில் போகும் தூரம்தான். 2011-ல் இடிக்கத் தொடங்கி, எதிர்ப்பு வந்ததும் நிறுத்தி, மாநகராட்சி வாங்கிச் சீரமைத்து 2016-ல் அருங்காட்சியகமாகத் திறந்தது. கண்ணாடி, கோட்டு, புத்தகங்கள், மாடியில் ஜன்னல்கள் சூழ்ந்த எழுத்தறை. ஒரு மணி நேரம் போதும். வார விடுமுறை எந்த நாள் என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். பலர் ஏமாறுவது அதில்தான்.

இரவு மைசூரிலிருந்து தாளகுப்பா செல்லும் ரயில் சிவமொக்கா வழியாகப் போகிறது. அரசாளு அந்தத் தடத்தில், சிவமொக்காவுக்கு அடுத்து ஏறக்குறைய 34 கிலோமீட்டரில், ரிப்பன்பேட்டைக்கு அருகே. தொடரில் மால்குடி ரயில் நிலையமாக வந்தது இதுதான். அப்போது மீட்டர்கேஜ். பாதை அகலமாகிப் புது நிலையக் கட்டடம் வந்த பிறகு பழைய ஓட்டுக் கட்டடம் பாழடைந்து கிடந்தது. ரயில்வே அதைச் செப்பனிட்டு 2020-ல் 'மால்குடி அருங்காட்சியகம்' ஆக்கியது. வடிவமைத்தவர் தொடரின் கலை இயக்குநர் ஜான் தேவராஜ். இங்கே நடக்கும் தவறு, 'மால்குடி' என்று போட்டு டிக்கெட் தேடுவது. பயணச்சீட்டில் பெயர் அரசாளுதான். எல்லா ரயிலும் அங்கே நிற்கும் என்றும் நம்ப வேண்டாம். உங்கள் வண்டி எண்ணுக்கு நிறுத்தம் உண்டா என்று அட்டவணையில் பாருங்கள். இல்லையென்றால் சிவமொக்காவில் இறங்கி ஒரு நாள் வாடகைக்குக் கார் பிடிப்பதே மேல். அம்மாவோடு போவதால் எப்படியும் அதைத்தான் சொல்வேன். ஆகும்பேயில் ரயில் கிடையாது, அரசாளுவில் காத்திருக்கும் டாக்சியும் கிடையாது.

அரசாளுவிலிருந்து தீர்த்தஹள்ளி போய், அங்கிருந்து ஆகும்பே. தீர்த்தஹள்ளிக்குப் பிறகு முப்பது கிலோமீட்டர் சொச்சம். காலையில் அரசாளு பார்த்தால் மதியச் சாப்பாட்டுக்குத் தீர்த்தஹள்ளி, மாலைக்குள் ஆகும்பே. ஸ்வாமியின் வீடாக வந்த தொட்டமனை ஊருக்குள்ளேயே இருக்கிறது. மரத்தூண்களும் நடுமுற்றமும் உள்ள பழைய வீடு. ஒன்றை மறக்காதீர்கள்: அது குடும்பம் வாழும் வீடு. வாசலில் நின்று அனுமதி கேளுங்கள், செருப்பைக் கழற்றுங்கள், சமையலறைக்குள் போனை நீட்டாதீர்கள். அங்கேயே தங்க விரும்பினால் முன்கூட்டியே பேசிவிட்டுப் போகவேண்டும். ஹோட்டல் வசதியை எதிர்பார்க்கக் கூடாது.

எப்போது போவது என்பதில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். தொடரில் மழை அழகாக இருந்தது என்று ஜூலையில் போகிறார்கள். ஆகும்பேயில் ஆண்டு மழை ஏறக்குறைய 7,600 மில்லிமீட்டர், சென்னைக்கு 1,400. அதில் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பருக்குள் கொட்டிவிடும். அந்த மாதங்களில் மேற்கே சூரியன் மறையும் காட்சிமுனையில் மேகம் தவிர எதுவும் தெரியாது, புல்லில் கால் வைத்தால் அட்டை ஏறும், மின்சாரம் போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. நவம்பர் முதல் ஜனவரி வரை சரியான காலம். பச்சை அப்போதும் இருக்கும். திரும்பும்போது உடுப்பி வழியாக வரலாம் என்று யாராவது சொல்வார்கள். வரலாம், ஆனால் சோமேஸ்வரம் இறங்குவதற்குள் 14 கொண்டை ஊசி வளைவுகள். அம்மாவுக்குத் தலைசுற்றல் உண்டென்றால் வந்த வழியே சிவமொக்கா திரும்பிவிடுங்கள்.

வேலையை எளிதாக்க, இதே பெயரில் வரும் மற்றவற்றை ஒதுக்கிவிடலாம். 2016-ல் மலையாளத்தில் ஒரு 'மால்குடி டேஸ்', 2020-ல் கன்னடத்தில் ஒன்று, இரண்டும் திரைப்படங்கள், இரண்டும் நாராயண் கதைகளைப் படமாக்கியவை அல்ல. இணையத்தில் படம் என்று தேடும்போது இவைதான் முன்னால் வந்து நிற்கும், ஆண்டைப் பாருங்கள். மால்குடி என்று பெயர்ப்பலகை மாட்டிய உணவகங்களும் விடுதிகளும் பல ஊர்களில் உண்டு, இட்லி நன்றாக இருந்தால் சாப்பிடுங்கள், இலக்கியத் தொடர்பைத் தேடாதீர்கள். கோவையில் லாலி ரோடு இருக்கிறதே, 'லாலி ரோடு' கதை அங்கே நடக்கிறதா என்று யாராவது கேட்பார்கள். கோவைச் சாலைக்குப் பெயர் தந்தவர் சென்னை மாகாண ஆளுநராக இருந்த ஆர்தர் லாலி. கதையில் நகராட்சி அகற்றச் சொல்லிவிட்டுத் திண்டாடுவது சர் ஃபிரெடரிக் லாலியின் சிலையை, அவர் நாராயண் படைத்த பாத்திரம்.

பயணமே முடியாது, சென்னையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்றால் புரசைவாக்கம் இருக்கிறது. நாராயண் 1906-ல் பிறந்ததும் பாட்டியிடம் வளர்ந்ததும் அங்கேதான், வெள்ளாளர் தெரு. உள்ளூர் மிஷன் பள்ளி ஒன்றில் படித்தார், ஸ்வாமியின் ஆல்பர்ட் மிஷன் பள்ளியைப் படிக்கும்போது அது நினைவில் இருக்கட்டும். ஆனால் அங்கே உள்ளே போய்ப் பார்க்க அருங்காட்சியகம் எதையும் எதிர்பார்க்க வேண்டாம், நடந்து பார்க்கலாம், அவ்வளவுதான். புரசைவாக்கம் நெடுஞ்சாலையில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது, பேருந்திலோ ஆட்டோவிலோ போங்கள். ஞாயிறு காலை எட்டு மணிக்கு முன்னால் என்றால் அம்மாவால் நிதானமாக நடக்க முடியும்.